உப்புப் பாத்திக்கு வந்த வங்கி

ஜீவிபென்னை எனக்குத் தண்ணீரால்தான் பழக்கம். நான் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். மழைக்காலம் முடிந்து, குஜராத்தில் ரண் என்று நாங்கள் சொல்லும் உப்புச் சதுப்பு காய ஆரம்பித்ததும், உப்பு விளைவிக்கும் குடும்பங்கள் ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு உள்ளே போய்விடும். வெயில் உச்சிக்கு வரும் மே மாதம் வரை அங்கேதான் குடிசை, அங்கேதான் அடுப்பு. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெடித்துக் கிடக்கும் சேற்று மண். தோண்டினால் கடல்நீரைவிடக் கரிக்கிற உவர்நீர்தான் வரும். குடிக்கிற தண்ணீர் என் லாரியில் போனால் உண்டு.

அவளுடைய பாத்தி என் தடத்தில் கடைசி. அங்கே போய்ச் சேர்வதற்குள் தண்ணீரும் குறைந்திருக்கும், என் பொறுமையும் குறைந்திருக்கும். அவளோ தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு வம்போடு நிற்பாள்.

"சவ்ஜிபாய், தண்ணி கொண்டாந்தீங்களா, ஊர்க்கதை மட்டுந்தானா?"

"ரெண்டும் இருக்கு. கதைக்குத் தனிக் காசு."

"அப்போ அதையும் சேட்டு கணக்குல எழுதிக்கச் சொல்லுங்க. எங்க மூச்சத் தவிர மத்ததெல்லாம் அங்கதான இருக்கு."

உப்பு வியாபாரி சிமன்லால் சேட்டைச் சொல்கிறாள். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கல்யாணத்துக்கு வருவார், ஆஸ்பத்திரிக்கு என்றால் கைமாற்று கொடுப்பார். ஆனால் அக்டோபரில் ரண்ணுக்குள் போகும்போது டீசல் பீப்பாய், கம்பு மாவு, டீத்தூள் எல்லாம் அவரிடம்தான் முன்பணமாக வாங்கியாக வேண்டும். அன்றைக்கே, இன்னும் விளையாத உப்புக்கு அவர் ஒரு விலை சொல்லிவிடுவார். மே மாதம் உப்பை அள்ளிக்கொண்டு போய்க் கணக்குப் பார்த்தால், பாதிக்கு மேல் டீசலுக்கே போயிருக்கும். மிச்சத்தில் மழைக்காலத்தை ஓட்ட வேண்டும். ஓட்டி முடிப்பதற்குள் மறுபடி அக்டோபர் வந்துவிடும்.

டீசலைக் குடித்தது ஒரு கறுப்பு எஞ்சின். கிணற்றிலிருந்து உவர்நீரை இறைத்துப் பாத்திக்கு விட அது பகலும் ராத்திரியும் ஓட வேண்டும். ஜீவிபென்னின் புருஷன் தேவ்ஷிக்கு அதைக் கட்டிக்கொண்டு அழுவதே வேலை. நின்றால் கைப்பிடியைச் சுற்றுவான், சுற்றினால் உதைக்கும். வருஷக்கணக்காய் அதன் பக்கத்திலேயே படுத்து அவனுக்குக் காது மந்தம். சாதாரணமாக, "டீ குடிக்கிறியா?" என்று கேட்பதே சண்டைக்குக் கூப்பிடுவது போல இருக்கும்.

ஒரு மார்கழிக் குளிரில் ஜீவிபென் என் லாரியை மறித்து ஏறிக்கொண்டாள். பக்கத்துத் தடத்தில் ஏதோ ஒரு அறக்கட்டளை சோதனைக்காக சூரிய வெளிச்சத்தில் ஓடும் பம்பு ஒன்றைப் போட்டிருக்கிறதாம், அதைப் பார்க்க வேண்டுமாம். போய்ப் பார்த்தோம். நீலப் பலகைகள் வெயிலைப் பார்த்து நின்றன. சத்தமே இல்லாமல் குழாயிலிருந்து உவர்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதில் கையை நீட்டி நக்கிப் பார்த்தாள். அப்புறம் அங்கே இருந்த ஆளிடம் கேட்டாள்.

"இதுக்கு டீசல் எந்தப் பக்கம் ஊத்தறது?"

"ஊத்தவே வேணாம் பென். வெயில் போதும்" என்றான் அவன், அக்கா முறை வைத்து.

"வெயிலுக்கு யார்கிட்ட முன்பணம் வாங்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. விலையைக் கேட்டாள். இரண்டு லட்சத்துக்கு மேல் என்றார்கள். திரும்பி வந்து இறங்கும்போது, "எங்க அப்பா எனக்கு வச்சிட்டுப் போனது பாத்தி மிதிக்கிற இந்தக் காலுதான். அதை அடகு வச்சா வங்கில எவ்வளவு தருவாங்க?" என்றாள்.

உப்பு முடிந்து ஊருக்கு வந்ததும் பாட்டடியில் இருக்கிற அரசு வங்கிக்குப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். எனக்கு அங்கே கணக்கு உண்டு, கேஷியர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்பதால். மேனேஜர் தவே சாகேப் நல்ல மனுஷன். நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"பம்புக்குக் கடனா? நல்லது. நெலம் யார் பேர்ல இருக்கு?"

"நெலமா? அது ரண்ணு சாகேப். யார் பேர்லயும் இல்ல. காட்டுக்கழுத பேர்ல இருக்குன்னு வனத்துறைக்காரங்க சொல்றாங்க."

அவர் சிரித்துவிட்டார். "அது சரணாலயம் பென். அதுல உங்களுக்குப் பட்டா கெடையாது. பட்டா இல்லாம பயிர்க் கடன் தர முடியாது. அதுவும் உப்பு பயிருமில்ல. தொழில்னு வச்சுக்கலாம்னா தொழிற்சாலையும் இல்ல, முகவரியும் இல்ல. நாளைக்கு நீங்க கட்டலேன்னா ரண்ணுக்குள்ள உங்கள எங்க தேடுவேன்?"

"சவ்ஜிபாயக் கேளுங்க. வாராவாரம் தேடி வர்றாரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள், சட்டம் இருந்தது. கையெழுத்துப் போட அவருக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். வெளியே வந்ததும் ஜீவிபென், "தண்ணியாவது நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் எங்கள் தெருவுக்கு வந்தான். கேயூர் என்று பெயர். தனியார் வங்கி ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவன். சேற்றில் வண்டி சறுக்கி, ஒரு பக்கம் முழுக்க மண்ணோடு வந்து நின்றான். எல்லாப் பெண்களையும் மாசி என்று சித்தி முறை வைத்துக் கூப்பிட்டான். ஜீவிபென் வாசலுக்கும் வந்தான்.

"மாசி, கடன் வேணுமா?"

"வேணுமான்னு கேட்டுக்கிட்டு வர்ற முதல் ஆளு நீதான்டா. என்ன, வங்கில பணம் அழுகிப் போகுதா?"

அவன் ஒளிக்காமல் சொன்னான். அரசு வங்கியானாலும் தனியார் வங்கியானாலும், கொடுக்கிற கடனில் நூற்றுக்கு நாற்பது பங்கு விவசாயிகள், சின்னத் தொழில் செய்கிறவர்கள், கையில் ஒன்றும் இல்லாதவர்கள் என்று இவர்களுக்கெல்லாம் போய்ச் சேர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சட்டம் வைத்திருக்கிறது. மார்ச்சுக்குள் அவனுடைய பங்கை அவன் முடித்தாக வேண்டும்.

"அப்போ எங்களால உனக்கும் வயித்துப் பாடு நடக்குதுன்னு சொல்லு."

"ஆமா மாசி" என்றான். அதனாலேயே அவனை அவளுக்குப் பிடித்துப் போயிற்று.

பத்துப் பெண்கள் ஒரு குழுவாக, ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன் நின்றால் நிலப் பத்திரம் வேண்டாம் என்றான். ஜீவிபென்னின் நாத்தனார் சாந்து அன்றைக்கே தையல் மெஷினுக்குக் கேட்டாள், கிடைத்தது. மாதாமாதம் கட்டினாள். தையலில் மாதாமாதம் காசு வரும். ஆனால் பம்பு என்று வந்தபோது ஜீவிபென் தயங்கினாள்.

"அக்டோபர்ல குடுத்துட்டு நவம்பர்ல தவணை கேட்டா எங்கடா போவேன்? உப்பு மே மாசந்தான் கைக்கு வரும். நடுவுல சேட்டுகிட்டதான் போகணும். ஒரு கடனுக்கு இன்னொரு கடன்."

கேயூர் தலைமை அலுவலகத்துக்கு இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தான். இந்த வகைக் கடனுக்கு மாதத் தவணைதான், மாற்ற வழியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு வாரம் கழித்து அவனே திரும்பி வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னான்.

"மாசி, அரசு வங்கில புதுசா ஒரு மேடம் வந்திருக்காங்க. பயிர்க் கடன அறுவடைக்கு அப்பறம் திருப்பி வாங்கற பழக்கம் அவங்ககிட்டதான் இருக்கு. உங்களுக்கும் அப்படிச் செய்ய முடியும். மறுபடி ஒரு தடவ போங்க."

"உன் கடைக்கு வந்தவள அடுத்த கடைக்கு அனுப்பறியே, உன் மேனேஜர் திட்டமாட்டானா?"

"திட்டுவாரு. நீங்க வாங்கிட்டு வாங்க, அப்பறம் பாத்துக்கலாம்."

ஜீவிபென் இன்றைக்கும் நன்றி சொல்லும்போது அந்தப் பையன் பெயரைத்தான் முதலில் சொல்வாள்.

புது மேனேஜர் ஸ்மிதா மக்வாணா. பஸ் கண்டக்டரின் மகள், கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். ஜீவிபென் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ரண்ணுக்குள் எப்படிப் போவது என்று மட்டும் கேட்டார். பாத்தி போட்ட பிறகு ஒரு நாள், என் டேங்கரில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சீட்டில் பஞ்சு பிய்ந்து கிடந்தது, துண்டை விரித்துப் போட்டேன்.

"ஜீப் வச்சு வந்திருக்கலாமே மேடம்."

"ஜீப்புக்கு அனுமதி கேட்டா, ஏன் போறேன்னு கேப்பாங்க. அதுக்கு பதில் சொல்ற அளவுக்கு எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் போறேன்."

பாத்திக்குப் போய் இறங்கியதும் முதல் காரியமாக வரப்பென்று நினைத்து உவர்நீரில் காலை வைத்துவிட்டார். ஒரு செருப்பு சேற்றுக்குள் போனது போனதுதான். தேவ்ஷி முழங்கை வரை விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் தேவ்ஷியின் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, லொடக் லொடக்கென்று அந்த அம்மாள் நாள் முழுக்க நடந்தார். குழுவில் பம்பு கேட்ட பத்துப் பேரின் பாத்திகளையும் பார்த்தார். எஞ்சின் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும், போன வருஷம் சேட்டு என்ன விலை கொடுத்தார், மழைக்காலத்தில் பலகைகளை எங்கே வைப்பீர்கள் என்றெல்லாம் கேட்டார். மத்தியானம் ரோட்லா என்கிற கம்பு ரொட்டியும் பூண்டுச் சட்னியும் மோரும் சாப்பிட்டார். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு ரோட்லா கேட்டு வாங்கினார்.

சாப்பிட்டு முடித்ததும் பெண்களைப் பார்த்துக் கேட்டார்.

"பத்துப் பேர்ல ஒருத்தி கட்டலேன்னா மத்தவங்க என்ன செய்வீங்க?"

வாலி என்கிற பெண்ணுக்கு எப்போதும் வாய் முந்தும். "அவ வீட்டுக்குப் போய் உக்காந்துக்குவோம் மேடம். ஒன்பது பேருக்கும் ரோட்லா தட்டிப் போட்டே அவ கை ஓஞ்சு போயிடும். அதுக்குப் பயந்தே கட்டிடுவா."

"அந்த ஒருத்தி நீங்களா இருந்தா?"

"எனக்கு ரோட்லா தட்ட வராதுன்னு இவங்களுக்கு நல்லாத் தெரியும்."

மேடம் அன்றைக்குத்தான் சத்தமாகச் சிரித்துப் பார்த்தேன்.

அதற்கு அப்புறம் அவர் மேலிடத்தோடு என்ன மல்லுக்கட்டினார் என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பலகையும் பம்புமே கடனுக்கு ஈடு, பத்துப் பேரும் ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன், சின்னத் தொழில் கடனுக்கு என்று இருக்கிற அரசு உத்தரவாதம் ஒன்று, தவணை வருஷத்துக்கு ஒருமுறை, உப்பு விற்ற பிறகு. இதையெல்லாம் எழுதி அனுப்பினார், திரும்பி வந்தது. மறுபடி எழுதினார். உப்பு எந்த வகையில் சேரும் என்று கேட்டார்களாம். கடைசியில் அவரே அகமதாபாத் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். "காசு திரும்பி வரலேன்னா என் பேரு கெட்டுப்போகும், அதுக்கு நான் ஒத்துக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்று பிற்பாடு ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார்.

அடுத்த பருவத்தில் பலகைகள் வந்து இறங்கின. அவற்றையும் என் லாரிதான் இழுத்துக்கொண்டு போனது. முதல் காலை பம்பு ஓட ஆரம்பித்தபோது நான் அங்கே இருந்தேன். வெயில் ஏறியது, தண்ணீர் வந்தது. தேவ்ஷி எஞ்சின் கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு எதைச் சுற்றுவது என்று தெரியாமல் நின்றான்.

"இனிமே நான் என்ன செய்யறது?" என்று கத்தினான்.

"மெதுவாப் பேசப் பழகு, அது போதும்" என்றாள் ஜீவிபென்.

உடம்பு நோகும் வேலை ஒன்றும் குறைந்துவிடவில்லை. காலால் மிதித்துப் பாத்தியைச் சமன் செய்வதும், வெயிலில் உப்பை வாரிப் புரட்டுவதும் அப்படியேதான். ஆனால் சேட்டிடம் பீப்பாய் வாங்கவில்லை. மாவுக்கு மட்டும் வாங்கினார்கள். அவர் ஒரு நாள் பார்க்க வந்து, பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மேகம் வந்தா என்ன பண்ணுவே ஜீவி?" என்று கேட்டார். "மேகம் வந்தா உப்பே போச்சு சேட்டு. பம்பு எதுக்கு?" என்றாள்.

அவள் சொன்னது போலவே பிப்ரவரியில் மேகம் வந்தது. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் மழை பெய்ததாக எனக்கு நினைவே இல்லை. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. ரண் முழுவதும் பளபளவென்று தண்ணீர் நின்றது, லாரி உள்ளே போக முடியவில்லை. வழி காய்ந்து நான் போய்ச் சேர்ந்தபோது பாத்திகளில் உப்பு இல்லை. கல்லுக் கல்லாய் விளைய ஆரம்பித்திருந்தது எல்லாம் கரைந்து, கலங்கிய தண்ணீராய்க் கிடந்தது. ஜீவிபென் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு என்னிடம் வம்பு பேசவில்லை. டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன், வாங்கிக் குடித்தாள்.

அந்த வாரமே சேட்டின் ஆள் வந்தான். பலகைகளைப் பாதி விலைக்கு சேட்டு எடுத்துக்கொள்வாராம், வங்கிக் கடனில் அதைக் கட்டிவிட்டு மிச்சத்துக்கு அவரிடமே கணக்கு வைத்துக்கொள்ளலாமாம். வாலியின் புருஷன் சரி என்று சொல்லிவிட்டான். வேறு இரண்டு வீட்டிலும் அதே பேச்சு. வாலி அழுதுகொண்டே ஜீவிபென்னிடம் வந்தாள்.

"மேடத்து மூஞ்சில எப்படி முழிப்போம்? வித்துட்டு ஊரோட இருந்துக்கலாம்."

"மொதல்ல போய் முழிப்போம்" என்றாள் ஜீவிபென். "என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு அப்பறம் அழுவோம்."

தவணைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. பத்துப் பெண்களும் என் டேங்கரிலும் ஷகடா என்கிற மூன்று சக்கர வண்டி ஒன்றிலுமாக ஏறிப் பாட்டடிக்குப் போனார்கள். காலில் உப்புச் சேறு காயாமல் வங்கிக்குள் நுழைந்தார்கள். மேடம் எழுந்து வெளியே வந்தார்.

"உப்பு போயிடுச்சு மேடம்" என்றாள் ஜீவிபென். "ஓடிப்போகல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மழை பெஞ்ச அன்னிலேர்ந்து உங்களத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். நானே வரணும்னு இருந்தேன், வழி காயட்டும்னு பாத்தேன். நீங்களே வந்தது எனக்கு எவ்வளவு பெரிய ஒத்தாசைன்னு உங்களுக்குத் தெரியாது."

இயற்கைச் சேதம் என்றால் தவணையை ஒரு வருஷம் தள்ளிப் போட வங்கிக்கே விதி இருக்கிறது, தாசில்தாரிடமிருந்து சேதச் சான்று மட்டும் வேண்டும் என்றார். அதைத் தானே கேட்டு வாங்குவதாகச் சொன்னார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"இப்போ மறுபடி ஆரம்பிச்சா மே முடியறதுக்குள்ள கொஞ்சமாவது விளையுமா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வழக்கமாக யாரும் அப்படிச் செய்வதில்லை. பாதிப் பருவத்தில் மறுபடி முதலிலிருந்து இறைக்க டீசல் வாங்க எவரிடம் காசு இருக்கும்? சேட்டும் கொடுக்க மாட்டார். மழை அடித்தால் எஞ்சினை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவதுதான் பழக்கம். அந்த வருஷமும் ரண்ணில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

"பெரிய கல்லு விழாது" என்றாள் ஜீவிபென் மெதுவாக. "சின்ன உப்பு விழும். எறைக்கத்தான் இப்போ காசு வேணாமே."

அன்றைக்குச் சாயங்காலமே திரும்பிப் போனார்கள். வாலி புருஷனிடம் என்ன சொன்னாளோ, அவனும் மண்வெட்டியோடு வந்தான். கரைந்த பாத்திகளை வடித்து, மறுபடி மிதித்து, வரப்பு கட்டி, உவர்நீரை விட்டார்கள். மார்ச் வெயில் நல்ல வெயிலாக இருந்தது. பகல் முழுக்கப் பம்பு ஓடியது. சுற்றிலும் ஆளில்லாத பாத்திகளுக்கு நடுவே இந்தப் பத்துப் பாத்தி மட்டும் நிறைந்துகொண்டு வந்தது. அந்த மாதங்களில் நான் தண்ணீரோடு ஒரு தூக்கு மோரும் கொண்டுபோவேன், என் வீட்டுக்காரி கொடுத்தனுப்புவாள்.

மே மாதக் கடைசியில் உப்பு இருந்தது. வழக்கத்தில் பாதிகூட இல்லை, சன்ன உப்புதான். ஆனால் மற்றவர்களிடம் ஒன்றும் இல்லாததால் விலை ஏறிக் கிடந்தது. சிமன்லால் சேட்டே லாரி கொண்டுவந்து நின்றார். டீசல் பாக்கி இல்லாததால் அன்றைய விலையை அன்றைக்கே பேசினாள் ஜீவிபென். இத்தனை வருஷத்தில் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அவரும் முகம் கோணாமல் கொடுத்துவிட்டு, போகும்போது, "என் மருமகன் பாத்திக்கும் இதப் போடலாமான்னு அந்த அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு" என்றார்.

தவணையைத் தள்ளிப் போட்டிருந்தும், பத்துப் பேரும் வட்டியைக் கட்டினார்கள், அசலிலும் கொஞ்சம் கட்டினார்கள். மேலிடத்தில் இருந்தவர்கள் நம்பவில்லையாம். மேடம் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எந்த உப்புக்காரி முகத்திலும் நான் பார்த்ததில்லை.

பிறகு நல்ல பருவங்கள் வந்தன. கடன் அடைந்தது. கடைசித் தவணை கட்டுகிற நாளில் பத்துப் பெண்களும் புதுச் சேலை கட்டிக்கொண்டு, ஒரு டப்பா மோகன்தால் இனிப்போடு வங்கிக்குப் போனார்கள். மேடத்துக்கு தாஹோத் பக்கம் மாற்றல் வந்திருந்தது. அங்கே மலைக்காட்டு ஜனங்களுக்கு ஆட்டுக் கடனும் மக்காச்சோளக் கடனும் பார்க்க வேண்டும் என்றார். நானும் அன்றைக்கு என் வேலையாக அங்கே வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஜீவிபென் குனிந்து மேடம் காலைத் தொடப் போனாள். அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"எனக்கு எதுக்கு? நான் குடுத்தது என் பணம் இல்லையே."

"வங்கிப் பணம்னு தெரியும் மேடம். அந்த வங்கி யாரு? எங்க இருக்காரு? அவருக்குத்தான் சொல்லணும்னா எங்க போய்ச் சொல்றது?"

மேடம் சிரித்துக்கொண்டே ஹாலைக் காட்டினார். "இதோ நிக்கறாங்களே, இவங்கதான். இவங்க போட்டு வச்ச பணத்தத்தான் உங்களுக்குக் குடுத்தோம்."

வரிசையில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், பால் சொசைட்டிக்காரர், மளிகைக்கடை மருமகள், நிரந்தர வைப்பைப் புதுப்பிக்க வந்த நான். என் மகள் கல்யாணத்துக்கென்று அங்கே கொஞ்சம் போட்டு வைத்திருந்தேன். அது இரும்புப் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். ஜீவிபென் திரும்பி எங்களை ஒரு முறை பார்த்தாள். பிறகு வாத்தியாரிடம் போய்க் கை கூப்பினாள். அவர் பதறி, "என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார். பால் சொசைட்டிக்காரருக்கு இனிப்பை நீட்டினாள். கடைசியாக என்னிடம் வந்தாள்.

"சவ்ஜிபாய், உங்க பொண்ணு கல்யாணப் பணமும் என் பம்புல இருந்துச்சாமே."

"எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றேன்.

"தண்ணிக்கும் சேத்து வாங்கிக்குங்க" என்று பெரிய துண்டாக ஒன்றை எடுத்து என் வாயிலேயே திணித்துவிட்டாள். மென்றுகொண்டே வரிசையில் ஓரடி நகர்ந்தேன்.

இப்போது எங்கள் தடத்தில் எஞ்சின் சத்தம் தேடித்தான் கேட்க வேண்டும். கேயூர் பெரிய பதவிக்குப் போய்விட்டான். அவனுடைய தனியார் வங்கியும் உப்புக்காரர்களிடம் தவணையை மே மாதத்தில் வாங்கிக்கொள்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற பையன்களை அவன் என் டேங்கரில் ஏற்றி விடுவான், "மாசி வீட்டு ரோட்லா சாப்பிட்டுட்டு வா, அப்பறம் கடனப் பத்திப் பேசு" என்று. தவே சாகேப் ஓய்வு பெற்றுச் சுரேந்திரநகரில் இருக்கிறார். ஒருமுறை பஸ் நிலையத்தில் பார்த்து, அந்த உப்புக்கார அம்மாள் எப்படி இருக்கிறார் என்று அவராகவே விசாரித்தார்.

மேடம் தாஹோதிலிருந்து ஜீவிபென்னுக்கு அவ்வப்போது போன் செய்வார். போன மாதம் பேசியபோது நான் தொட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ஜீவிபென் போனைக் காதிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"சவ்ஜிபாய், நீங்களே சொல்லுங்க. அங்க ஆட்டுக் கடன் கேக்கற பொம்பளைங்க மேடத்துகிட்ட பேசப் பயப்படறாங்களாம். நான் ஒரு நாள் போய் உக்காந்துட்டு வரட்டுமா?"

"அங்க போக ரெண்டு பஸ் மாறணும்" என்றேன்.

"மாறிக்கறேன்" என்றாள். அடுத்த வாரம் தண்ணீர் கொண்டுபோனபோது பாத்தியில் தேவ்ஷி மட்டும் இருந்தான். அவள் கிளம்பிப் போயிருந்தாள்.